பெரியவர்களுக்கு ரசம் சாதம் மட்டும் போதாது: வீட்டில் முதியோர் சாப்பாட்டைச் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், சாயந்திரம் காபியும் இரண்டு பிஸ்கட்டும், ராத்திரி கஞ்சி. தமிழ்நாட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் ஒரு நாள் சாப்பாடு ஏறக்குறைய இதுதான். "இந்த வயசுல இதுக்கு மேல என்ன வேணும்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுவோம். சர்க்கரை, பிரஷர் என்று டாக்டர் ஏதாவது சொல்லியிருந்தால் அதிலும் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஓடியாடி வேலை செய்வது குறைவதால் கலோரி தேவை கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் புரதம், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின்கள் எதுவும் குறைவாகப் போதும் என்று ஆவதில்லை. புரதம் முன்னைவிட அதிகமாகவே வேண்டியிருக்கிறது. இளைஞருக்குக் கொடுக்கும் அதே அளவு புரதத்தைக் கொடுத்தாலும், வயதானவரின் உடல் அதே அளவு தசையைக் கட்டுவதில்லை. தசை கரைந்தால் முதலில் தெரிவது கால்களில். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, அப்புறம் கழிப்பறையில் பிடிமானம் தேடுவார்கள், அப்புறம் ஒரு நாள் விழுவார்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி தட்டில் இருந்த குறை.

இந்த வழிகாட்டி வீட்டில் இருக்கும், தானாகவோ உதவியோடோ சாப்பிடும் பெரியவர்களுக்கானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அது ஐந்தாம் படியில் வருகிறது, அதைப் படிக்காமல் நான்காம் படியைச் செய்ய வேண்டாம்.

முதல் படி: எடை, இன்ச் டேப், நாற்காலி

எடை பார்க்காமல் தொடங்காதீர்கள். வீட்டில் மெஷின் இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். மாதம் ஒரு முறை, காலையில், சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில். காலண்டர் தாளிலேயே எழுதி வையுங்கள்.

ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை முயற்சி இல்லாமல் குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்திருந்தால், "உடம்பு இளைச்சு நல்லாத்தான் இருக்கு" என்று பாராட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பழைய எடை தெரியாதா? வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிறதா, மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டிருக்கிறார்களா, பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். காலில் நீர் கோத்திருப்பவர்களிடம் மட்டும் மெஷினை நம்பாதீர்கள். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும், நீர் சேர்ந்து எடையை அப்படியே காட்டும்.

அடுத்து கெண்டைக்கால். நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படும்படி வைத்து, கெண்டைக்காலின் பருமனான இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். 31 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் ஊட்டம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும்.

கடைசியாக நாற்காலி. சுவரோரம் அசையாமல் நிற்கும் நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால், தசை பலம் குறைந்திருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இந்த மூன்று அளவையும் எழுதிவையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: மூன்று நாள் தட்டைக் கவனிப்பது

ஊரில் அம்மா, சென்னையிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் என்றால் தினமும் ஒரு போன் வரும். "சாப்டியாம்மா?" "ஆச்சுப்பா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்தக் கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. "இன்னிக்கு என்ன குழம்பு வச்சே? நேத்து வாங்கின கீரை என்னாச்சு? முட்டை எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். வைக்காத குழம்பைப் பற்றி யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள்.

கூடவே இருப்பவர்கள் மூன்று நாளைக்குத் தட்டில் என்ன விழுந்தது, எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குறிப்பாகப் பாருங்கள்: சாம்பார். நம் வீடுகளில் பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கும். பாட்டிக்குக் காரம் ஆகாது, கெட்டியாக இருந்தால் பிடிக்காது என்று மேலாக இறுத்த தண்ணீர்ச் சாம்பார் அவர் தட்டுக்கு வரும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கியது பேரன் தட்டுக்குப் போகும். ஒரே சாம்பார்தான், பாட்டிக்குக் கிடைத்தது புளித்தண்ணீர்.

இப்போது கணக்கு. எங்கள் பக்கம் வழக்கமாகப் பார்க்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காபியில் 100 மி.லி. பால், 3 கிராம் புரதம். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி: 5 கிராம். மதியம் ஒன்றரைக் கப் சாதம், ரசம், கொஞ்சம் பொரியல்: 8 கிராம். சாயந்திரம் டீயும் பிஸ்கட்டும்: 3 கிராம். ராத்திரி மறுபடி இரண்டு இட்லி: 5 கிராம். கூட்டினால் 24 கிராம்.

எவ்வளவு வேண்டும்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவு, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர் குழுக்கள் பரிந்துரைத்திருக்கின்றன; நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு இதைவிடக் கூடுதல். 55 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 55 முதல் 66 கிராம். வயிறு நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் வேண்டியதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: ஏன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடிப்பது

சத்து மாவு வாங்கி வந்து கொடுத்துப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். காரணம் தெரியாமல் உணவை மாற்றிப் பயனில்லை.

வாயிலிருந்து தொடங்குங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஆடும் பல், ஈறு வீக்கம், நாக்கில் வெள்ளைப் படலம், உதட்டோரம் வெடிப்பு. பல்செட் இருக்கும், ஆனால் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். கல்யாணத்துக்குப் போகும்போதுதான் வாய்க்குள் போகும். உடம்பு இளைக்கும்போது ஈறும் சுருங்குவதால் பழைய செட் உறுத்தும். அதைச் சரிசெய்யாமல் "கடலை சாப்பிடு, கறி சாப்பிடு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம்.

அப்புறம் விழுங்குவது. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரப்பாக ஈரமாக மாறுவது, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருவது, இவை இருந்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று பொருள். பக்கவாதம், பார்கின்சன் (நடுக்குவாதம்) உள்ளவர்களிடம் இது அதிகம். இவர்களுக்கு ரசம் சாதம் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதுதான் சிரமம். தண்ணீரும் பருக்கையும் வாய்க்குள் தனித்தனியாக நகரும். குழைய மசித்த, கரண்டியில் நிற்கும் பதமே பத்திரமானது. நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய்கூட ஊட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் விழுங்கும் பயிற்சியும் தருவார்கள், பெரிய அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்குக் குமட்டல் தரும். சில மருந்துகள் வாயை உலர்த்தும், சில நாக்கின் ருசியை மாற்றும். "எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு" என்று பெரியவர் சொன்னால் அது உங்கள் சமையலைக் குறை சொல்வது ஆகாது. மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் பசி எடுக்காது. வலி இருந்தால் எடுக்காது. துணையை இழந்தவர்களுக்குப் பல மாதம் எடுக்காது. ஒருவருக்காக உலை வைப்பதே பாரமாக இருக்கும். மனைவி போன பிறகு தாத்தாக்களின் சாப்பாடு டீயும் பன்னுமாகச் சுருங்குவதை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம், சமைக்கத் தெரியாமல் 75 வயது வரை வந்துவிட்டவர்கள். பாட்டிகளின் கதை வேறு: எல்லோரும் சாப்பிட்டு முடித்து மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகியவர்கள், மீன் துண்டைப் பேரனுக்கு எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறவர்கள்.

இன்னொரு காரணம் வெளியே வரவே வராது. மருமகளிடம் இன்னொரு கரண்டி கேட்கத் தயக்கம், பாத்ரூமுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்ற பயம். "ஏன் அத்தை, அதுக்குள்ள கை கழுவிட்டீங்க?" என்று தட்டை எடுத்த பிறகு கேட்டால் "வயிறு நிறைஞ்சிடுச்சும்மா" என்றுதான் பதில் வரும். கேட்காமலேயே அடிக்கலக்கிய ஒரு கரண்டிப் பருப்பைத் தட்டில் போடுவது அதைவிட நல்லது.

நான்காம் படி: ஒவ்வொரு வேளையிலும் புரதம்

ஒரே வேளையில் கொட்டி நிரப்ப வேண்டாம். மூன்று வேளையிலும் பரவலாக இருக்க வேண்டும், முடிந்தால் வேளைக்கு 20 கிராம். நம் வீட்டில் காலையும் ராத்திரியும்தான் வெறுமையாக இருக்கின்றன, அங்கே கை வையுங்கள்.

தோராயமான அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை 6 கிராம். ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. பால் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 100 கிராம் தயிர் 3. வேகவைக்காத பருப்பு அல்லது கொண்டைக்கடலை 30 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி, 6 முதல் 7. நிலக்கடலையும் அதே அளவுக்கு 7. 50 கிராம் மீன் துண்டு 9 முதல் 10. ஒரு இட்லி 2.

இதை வைத்து அதே பாட்டியின் நாளைத் திருத்திப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் காபிக்குப் பதிலாக 200 மி.லி. பால், அதிலேயே கொஞ்சம் டிகாக்‌ஷன் விட்டுக்கொள்ளட்டும், 6 கிராம். இரண்டு இட்லி, அடிக்கலக்கிய கெட்டிச் சாம்பார், நிலக்கடலைச் சட்னி, ஒரு வேகவைத்த முட்டை: 17 கிராம். பதினொரு மணிக்குத் தயிரைக் கடைந்து கெட்டியான மோர்: 3 கிராம். மதியம் ஒரு கப் சாதம், ஒரு கப் பருப்புக் கூட்டு, தயிர்: 14 கிராம். சாயந்திரம் மசித்த சுண்டல்: 6 கிராம். ராத்திரி ஒரு மெத்தென்ற அடையும் சட்னியும்: 8 கிராம். படுக்கும் முன் பால்: 6 கிராம். மொத்தம் 60. மீன் சாப்பிடும் வீடென்றால் மதியம் ஒரு துண்டு சேர்த்தால் 70-ஐத் தொடும். முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் 35 கிராம் பனீரைப் பொரியலில் உதிர்த்துப் போடலாம். புரட்டாசியில் மீனை நிறுத்தும் வீடுகளில் அந்த மாதம் முழுக்கப் பருப்பு ஒரு கரண்டி கூட வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை.

சாதத்தைக் குறைத்ததைக் கவனித்திருப்பீர்கள். சின்ன வயிறு, அதில் சாதமும் ரசமும் முதலில் போனால் கூட்டுக்கு இடமிருக்காது. பருப்பு, முட்டை, மீன் முதலில், சாதம் அப்புறம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த வரிசை நல்லது.

பல் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? கஞ்சியை விடவேண்டாம், கஞ்சியை மாற்றுங்கள். 30 கிராம் நொய்யரிசி, 20 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை மட்டும் வாசம் வர வறுத்து, இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுக் குக்கரில் நான்கு விசில் விடுங்கள். நன்றாக மசித்து, இறக்கும்போது தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சிய பால் 150 மி.லி. ஊற்றிக் கிளறுங்கள். பாலும் உப்பும் ஒன்றாக வேண்டாம் என்பவர்களுக்கு உப்பில்லாமல் கொஞ்சம் நெய் விடலாம். ஒரு கிண்ணத்தில் 12 கிராம் புரதம். அதே கிண்ணம் வெறும் அரிசிக் கஞ்சி என்றால் 2 கிராம்தான். கேழ்வரகுக் கூழிலும் இப்படியே: பாலில் காய்ச்சி, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அசைவக்காரர்களுக்கு சுறாப்புட்டை மிஞ்சியது இல்லை. முள் இல்லை, உதிர்ந்து கிடக்கும், பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கினால் ருசித்துச் சாப்பிடுவார்கள். பொடி நெத்திலியை நன்றாக வேகவிட்டு முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும், மெல்ல முடிகிறவர்களுக்கு மட்டும். முட்டையை அடித்துக் கொதிக்கும் ரசத்தில் ஊற்றிக் கிளறினால் மெத்தென்று மிதக்கும். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விட்டு, மத்தால் கடைந்துவிடுங்கள். முழு நிலக்கடலை, முழு முந்திரி வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கடையில் விற்கும் சத்து பானப் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை: டப்பாவின் பின்பக்கம் 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். பல பொடிகளில் புரதத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம். அதே காசுக்கு வரும் பாலும் முட்டையும் எனக்கு மேல். சிறுதானியங்களும் அப்படித்தான், கம்பங்கூழ் நல்ல சாப்பாடு, பழக்கப்பட்டவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் அரிசியை நிறுத்திச் சாமைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பருப்பைக் கோட்டைவிடாதீர்கள்.

இன்னொன்று, சாப்பாடு மட்டும் தசையைக் கட்டாது. முதல் படியில் செய்த அதே நாற்காலிப் பயிற்சியை, காலையும் சாயந்திரமும் முடிந்த அளவு, எட்டு பத்து முறை வரை. கையை ஊன்றி எழுவதில் தொடங்கினாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம்

நாற்பது வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியத்தை எண்பது வயதிலும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. உடல் தளர்ந்தவர்களுக்கு மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர்களே தளர்த்துகிறார்கள். காரணம், அந்த வயதில் சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவது ஆபத்து. கிளிமிப்ரைடு போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவறவிட்டால் வியர்த்து நடுங்கும். சில பெரியவர்களுக்கு அதுகூட இருக்காது, சும்மா குழம்பிப் பேசுவார்கள், தூங்கி வழிவார்கள். உடனே ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுங்கள், விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் மட்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரதம் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவாக இருந்தாலும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் விரதத்தை விடச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் விரதமாக மாற்றச் சொல்வது நடக்கிற காரியம்.

உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், வத்தல், கருவாடு என்று சேர்த்தால் கணக்குத் தப்பும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சோடியம்தான். மறுபக்கம், நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டு உப்பே இல்லாமல் சாப்பிடும் பெரியவர்களுக்குச் சோடியம் அளவுக்கு மீறி இறங்கி, திடீரென்று புத்தி தடுமாறுவதும் உண்டு. ருசியே இல்லாமல் செய்து அவர் சாப்பிடாமல் போனால் நஷ்டம் பெரிது. எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டு இவற்றால் ருசியைக் கூட்டுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சிறுநீரகம் பழுதடைந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். இளநீர், தக்காளி, வாழைப்பழம் அளவும் சிலருக்குக் குறையும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்குத் தலைகீழாகும், புரதம் அதிகம் வேண்டும். பழைய பத்தியத்தையே தொடர்ந்து மெலிந்துபோகிறவர்கள் பலர். தொடங்கிய அன்றே "இனி எவ்வளவு" என்று கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர், நார், வெயில்

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலில் மயங்கி விழும் பெரியவர்களில் பலருக்குத் தாகமே எடுத்திருக்காது. ராத்திரி எழ வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பவர்களிடம், சாயந்திரம் ஆறு மணிக்குள் பெரும்பகுதியைக் குடித்துவிடச் சொல்லுங்கள். காலையில் ஒரு சொம்பை நிரப்பிப் பக்கத்தில் வைத்து, மதியம் எவ்வளவு காலி என்று பார்ப்பது நல்ல வழி. இதய பலவீனத்துக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மலச்சிக்கலுக்குக் கீரை மசியல், பூவன் பழம், வாழைத்தண்டுக் கூட்டு. நார் சேர்க்கும்போது தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுகும்.

சுண்ணாம்புச் சத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. வெறும் கீரையை மட்டும் நம்ப வேண்டாம். வைட்டமின் டி உணவில் கொஞ்சம்தான் கிடைக்கும். கை கால் படும்படி வெயிலில் உட்கார்ந்தாலும் வயதான தோல் குறைவாகவே தயாரிக்கும், அதனால் பலருக்கு மாத்திரை தேவைப்படும். அளவை டாக்டர் சொல்லட்டும். பி12 பால், முட்டை, மீன், கறியில் மட்டுமே உண்டு. சைவக்காரர்கள், பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அல்சர் மாத்திரையைத் தினமும் போடுபவர்கள், மூவருக்கும் இது குறையும். பாதத்தில் மரமரப்பு, மறதி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் வயது என்று முடிவுகட்டுவதற்கு முன் இரத்தத்தில் பி12 பாருங்கள்.

ஏழாம் படி: மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளோடு நான்கு மணி நேர இடைவெளி. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் வீண். எலுமிச்சைச் சாறோடு நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் எடுப்பவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும் மறு வாரம் பூஜ்யம் என்று இல்லாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்கின்சனுக்கான லெவோடோபா புரத உணவோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்வார்கள்.

எட்டாம் படி: தனியாக இருப்பவர்களுக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இவர்களில் பலர் தனியாகவோ, துணையோடு மட்டுமோ இருக்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் தீர்வு தேடினால் போதாது.

முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்கள் பள்ளிச் சத்துணவு மையத்தில் மதிய உணவு சாப்பிடலாம் என்ற ஏற்பாடு 1983-லிருந்தே இருக்கிறது. பிள்ளைகளோடு தட்டேந்தி நிற்பதா என்று கூச்சப்பட்டுப் போகாதவர்களே அதிகம். பக்கத்து வீட்டார் யாராவது அமைப்பாளரிடம் பேசி டிபன் கேரியரில் வாங்கி வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாநகராட்சிப் பகுதிகளில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. அங்கே வாங்கும் இட்லியோடு வீட்டில் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் காலை வேளை முடிந்தது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விரல் ரேகை விழாமல் திரும்பி வருவது பெரியவர்களுக்குப் பெரிய தொல்லை. தங்கள் சார்பில் இன்னொருவர் வாங்க அனுமதி பெற முடியும். 2025 ஆகஸ்டில் மூத்தவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் தொடங்கியது. உங்கள் கடையில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம், "ஆத்தா இந்த மாசம் ரொம்ப இளைச்சிட்டாங்க" என்று சொல்லிவையுங்கள். அவர் வழியாகச் செவிலியருக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் செய்தி போகும். யாருமே இல்லாத பெரியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567.

அப்புறம் கூடச் சாப்பிடுவது. தெருவில் தனியாக இருக்கும் நான்கு பெரியவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரே திண்ணையில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், தனியே உண்பதைவிட அதிகமாகவே சாப்பிடுவார்கள். கோயில் அன்னதானத்துக்குக் கிளம்பிப் போகிறவர்களைத் தடுக்காதீர்கள். நடையும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று.

ஒன்பதாம் படி: ஒரு மாதம் கழித்து

அதே மெஷின், அதே டேப், அதே நாற்காலி. எடை ஏறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறங்காமல் நின்று, எழுந்து உட்காரும் நேரம் இரண்டு மூன்று விநாடி குறைந்திருந்தால் போகிற வழி சரி. கெண்டைக்கால் அளவு மெதுவாகத்தான் மாறும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறதா, விழுங்கும்போது நெஞ்சில் அடைக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, திடீரென்று ஆள் தெரியாமல் பேசுகிறாரா, எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயங்கள். ஐந்தாறு நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத ஒருவருக்கு வீட்டில் வைத்துத் திடீரென்று நிறையக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். இரத்தத்தில் தாது உப்புகள் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். அவருக்கு மருத்துவமனையில், கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.